எக்கோவாஸ் படை காம்பியாவுக்குப் போனது, நைஜருக்கு ஏன் போகவில்லை?

ஆப்பிரிக்க ஆட்சிக் கவிழ்ப்புகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலான கேள்விகள் மேற்கு ஆப்பிரிக்காவைப் பற்றியவை என்பதால் அங்கேயே நிற்கிறேன். எக்கோவாஸ் என்பது 1975-இல் தொடங்கிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு.

கேள்வி: பொருளாதாரக் கூட்டமைப்புக்குப் படை எதற்கு?

திட்டம் போட்டு வந்ததல்ல. 1990-இல் லைபீரியா உள்நாட்டுப் போரில் எரிந்தபோது, நைஜீரியா தலைமையில் அண்டை நாடுகள் எக்கோமாக் என்ற படையை அனுப்பின. அந்தப் படையின் கைவரிசையைப் பார்த்த லைபீரியர்கள், பெயரின் எழுத்துகளைப் பிரித்து ‘ஓடுகிற வண்டி எதுவும் மிஞ்சாது’ என்று கேலியாக விரித்தார்கள்! 1997-இல் சியரா லியோன் ராணுவம் அதிபர் கப்பாவைத் துரத்தியது. மறு ஆண்டு எக்கோமாக் அவரைத் திரும்ப நாற்காலியில் உட்கார வைத்தது. அப்போது நைஜீரியாவை ஆண்டவர் சானி அபாச்சா. அவரே ராணுவ சர்வாதிகாரி. தேர்தலில் வென்ற அபியோலாவைச் சிறையில் வைத்துக்கொண்டே அடுத்த வீட்டில் ஜனநாயகத்தை மீட்டார்.

கேள்வி: காம்பியாவில் போரே இல்லாமல் முடிந்தது. நைஜரில் மட்டும் ஏன் வெறும் மிரட்டலோடு நின்றது?

1994-இல் துப்பாக்கியோடு வந்த யாஹ்யா ஜாமே, 2016 டிசம்பர் தேர்தலில் அடாமா பாரோவிடம் தோற்றார். முதலில் தோல்வியை ஒப்புக்கொண்டார், ஒரு வாரத்தில் மாட்டேன் என்றார். பாரோ 2017 ஜனவரி 19 அன்று செனகல் தலைநகர் டக்காரில் உள்ள காம்பியத் தூதரகத்தில் பதவியேற்றார். அன்றே எக்கோவாஸ் படை எல்லை தாண்டியது. காம்பியா மூன்று பக்கமும் செனகலால் சூழப்பட்ட சின்ன நாடு. அதன் தளபதியே சண்டை போடப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். இரண்டு நாளில் ஜாமே விமானம் ஏறினார்.

நைஜர் கதை வேறு. 2023 ஜூலை 26 அன்று அதிபர் பஸூமைப் பிடித்து வைத்தது அவரைக் காக்க வேண்டிய மெய்க்காவல் படையே. தலைவர் ஜெனரல் சியானி. எக்கோவாஸ் ஒரு வாரக் கெடு விதித்தது. ஆனால் படை அனுப்ப வேண்டிய நைஜீரியாவுக்கு நைஜரோடு 1,500 கிலோமீட்டருக்கு மேல் எல்லை, இரண்டு பக்கமும் ஹவுசா மக்கள். நைஜீரிய செனட்டே போர் வேண்டாம் என்றது. ராணுவம் ஆளும் அண்டை நாடுகளான மாலியும் புர்கினா ஃபாசோவும், ‘அவர்களைத் தொட்டால் எங்களைத் தொட்ட மாதிரி’ என்று நின்றன. கெடு முடிந்தது, யாரும் போகவில்லை. நைஜீரியா மின்சாரத்தை நிறுத்தியது, எல்லைகள் மூடப்பட்டன. வலித்தது சாதாரண மக்களுக்கு. என்னைக் கேட்டால், நிறைவேற்ற முடியாத கெடுவை விதித்ததுதான் பெரிய தவறு. நைஜர், மாலி, புர்கினா ஃபாசோ மூன்றும் 2025 ஜனவரியில் எக்கோவாஸை விட்டே போய்விட்டன.

கேள்வி: கவிழ்ப்பு நடந்ததும் மக்கள் தெருவில் ஆடுகிறார்களே! ஜனநாயகம் வேண்டாமா அவர்களுக்கு?

வேண்டும் என்பதால்தான் கோபம். கினியாவில் அதிபர் ஆல்ஃபா கோந்தே 2020-இல் அரசியல் சட்டத்தை மாற்றி மூன்றாம் முறை நின்றார். எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்கள் சுடப்பட்டார்கள். மறு ஆண்டு அவரை ராணுவம் இறக்கியபோது யார் அழுவார்கள்?

இதில் கூட்டமைப்புக்கும் பங்கு உண்டு. யாரும் இரண்டு முறைக்கு மேல் அதிபராகக் கூடாது என்ற யோசனை 2015-இல் அக்ரா மாநாட்டுக்கு வந்தது. டோகோவும் காம்பியாவும் எதிர்த்தன, கைவிடப்பட்டது. ஆம், அதே ஜாமேதான்! டோகோவில் தந்தையும் மகனுமாக ஒரே குடும்பம் 1967 முதல் ஆள்கிறது. பேனாவால் பதவியை நீட்டிக்கிறவரைச் சகித்துக்கொள்கிற மன்றம், துப்பாக்கியோடு வருகிறவனுக்கு மட்டும் சட்டம் பேசினால் எடுபடுமா?

கேள்வி: ராணுவத்தினர் சொன்னபடி ஆட்சியைத் திருப்பித் தந்ததே இல்லையா?

உண்டு. மாலியில் 1991-இல் கவிழ்த்த அமடூ துமானி தூரே மறு ஆண்டே ஒப்படைத்தார். நைஜரில் 2010-இல் வந்த சலூ ஜிபோவும் 2011-இல் விலகினார். இப்போதைய ஆட்கள் அப்படி இல்லை. மாலியின் ராணுவ ஆட்சியாளர் கொய்தாவுக்கு 2025-இல் தேர்தல் இல்லாமலே ஐந்தாண்டு பதவி, புதுப்பிக்கவும் செய்யலாம்.

கேள்வி: யாருமே தண்டிக்கப்படுவதில்லையா?

சாட் நாட்டின் முன்னாள் சர்வாதிகாரி ஹிசேன் ஹப்ரேவுக்கு 2016-இல் டக்காரில் ஆயுள் தண்டனை கிடைத்தது. உள்ளேயே இருந்து 2021-இல் இறந்தார். கினியாவில் 2009 செப்டம்பர் 28 அன்று விளையாட்டரங்கில் 150-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட வழக்கில், அன்றைய ராணுவத் தலைவர் தாதிஸ் கமராவுக்கு 2024-இல் 20 ஆண்டு விதித்தார்கள். சரி, நீதி வந்தது என்று பார்த்தால், 2025 மார்ச்சில் மன்னிப்பு. கொடுத்தவர் டும்புயா, கோந்தேயைக் கவிழ்த்து வந்த அதே ராணுவ அதிபர்.