சாளையும் நெத்தோலியும் பிள்ளைகள் தட்டில் மிஞ்சுவது ஏன்?

கேள்வி: களியக்காவிளைக்கு அருகில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். கடல் பக்கத்தில் இருந்தும் எங்கள் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் மீனைத் தொடுவதில்லை. கோழி வறுவல்தான் கேட்கிறார்கள் என்று தாய்மார் குறைப்படுகிறார்கள். மீனின் சத்துகளை வகுப்பில் எடுத்துச் சொன்னால் பழக்கம் மாறுமா? எவ்வளவு கொடுக்கலாம்? மீனில் சேரும் பாதரசம், மீன் கெடாமலிருக்கக் கலக்கும் ஃபார்மலின் என்ற ரசாயனம் பற்றிய பயமும் இருக்கிறது.

பதில்: வகுப்பெடுங்கள், ஆனால் சத்துகளின் பட்டியலை மனப்பாடம் செய்த பிள்ளை அன்று இரவே மீன் சாப்பிடத் தொடங்கிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நூறு கிராம் மீனில் ஏறத்தாழ இருபது கிராம் புரதம் இருப்பதையும், சாளையிலும் (மத்தி) அயிலையிலும் (கானாங்கெளுத்தி) உள்ள ஒமேகா-3 கொழுப்பு மூளைக்கும் விழித்திரைக்கும் தேவைப்படுவதையும், வைட்டமின் டி, பி12, அயோடின் ஆகியவை அதில் கிடைப்பதையும் சொல்லலாம். மீன் சாப்பிட்டால் மதிப்பெண் கூடும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை. தேர்வு முடிவு வந்ததும் உங்கள் பேச்சின் மதிப்பும் போய்விடும்.

என்னிடம் வரும் பிள்ளைகள் மீனை ஒதுக்கச் சொல்லும் காரணங்களில் முதலில் வருவது முள். அடுத்தது வாடை. ஆகவே ஒரு பாடவேளையை முள் எடுக்கக் கற்றுத்தருவதற்கே ஒதுக்கலாம். வேகவைத்த சாளையின் முதுகுப்பக்கம் விரலால் கீறி, மேல்சதையை வாலை நோக்கித் தள்ளி, நடுமுள்ளைத் தலையோடு சேர்த்துத் தூக்கினால் பெரும்பாலான முள் ஒன்றாக வந்துவிடும். வயிற்றோரத்து நுண்முள்ளைத் தனியே தடவிப் பார்க்க வேண்டும். இதைத் தன் கையால் செய்து பார்த்த பிள்ளைக்குப் பாதிப் பயம் போய்விடும். தொண்டையில் முள் சிக்கினால் சோற்றை உருட்டி விழுங்கச் சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் இருக்கிறது. அது முள்ளை இன்னும் ஆழமாகக் குத்த வைக்கலாம் என்பதால், மருத்துவரிடம் அழைத்து வருவதே சரி.

நம் சத்துணவில் முட்டை உண்டு, மீன் இல்லை. ஜப்பானில் 2005இல் உணவுக் கல்விக்கென்றே சட்டம் இயற்றினார்கள். அங்கே பள்ளி மதிய உணவிலும் மீன் வருவதால் பாடமும் தட்டும் சேர்ந்தே நடக்கின்றன. இங்கே தட்டு வீட்டில்தான் இருக்கிறது என்பதால், பெற்றோர் கூட்டத்தில் தாய்மாரிடமும் அப்பாக்களிடமும் பேசுவது வகுப்பைவிட முக்கியம். புதிய உணவு ஒன்றைப் பிள்ளை ஏற்றுக்கொள்ளப் பத்து முறைக்கு மேலும் வைக்க வேண்டியிருக்கும். வற்புறுத்தாமல், மரச்சீனிக் கிழங்கோடு ஒரு சிறு துண்டாக வைத்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். எண்ணெயில் முறுகப் பொரிப்பதைவிடப் புளி சேர்த்த மீன்குழம்பான புளிமுளமும் மீன் அவியலும் நல்லவை.

வாரம் இரண்டு முறை போதும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அறிவுரைப்படி, எட்டிலிருந்து பத்து வயதுவரை ஒரு வேளைக்குச் சுமார் 85 கிராமும், பதினொரு வயதில் சுமார் 115 கிராமும் கொடுக்கலாம். பாதரசம் பெரிய மீன்களில்தான் அதிகம் சேரும். குமரிக் கடற்கரையிலுள்ள தூத்தூர்க்காரர்கள் ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் பேர்பெற்றவர்கள் என்பதால் நம் பக்கத்தில் சுறா தாராளமாகக் கிடைக்கிறது. பிள்ளைகளுக்கும், பால் கொடுக்கும் தாய்மாருக்கும் அதைத் தவிர்த்துவிடலாம். விலை குறைந்த சாளையும் நெத்தோலியும் இந்த விஷயத்திலும் மேல்.

ஃபார்மலின் பயம் ஆதாரமற்றதல்ல. 2018 ஜூனில் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை, உங்களுக்குப் பக்கத்திலேயே உள்ள அமரவிளை சோதனைச்சாவடியில் ஃபார்மலின் கலந்த மீனைப் பிடித்தது. தொலைவிலிருந்து லாரியில் வந்ததைவிட, குளச்சலிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ அன்று காலை கரைக்கு வந்த மீனே மேல். ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த அயிலையிலும் சூரையிலும் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போன்ற தொந்தரவு தரும் பொருள் உருவாகும். சமைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து உடம்பு தடித்தால் அது ஒவ்வாமையாகவும் இருக்கலாம், கெட்ட மீனாகவும் இருக்கலாம். மூச்சுத் திணறினால் எது என்று யோசித்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

செயல்முறை வகுப்புக்கு முன்பே, மீன் ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் யார், வீட்டில் சைவம் உண்பவர்கள் யார் என்று பெற்றோரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளை மீன் சமைக்கும் அறையிலேயே இருக்க வேண்டாம்.