“முதலில் நாமே விசாரிப்போம்”: தொண்டு நிறுவனங்களில் பாதுகாப்பு குறித்த கேள்வி-பதில்

அறக்கட்டளைகளிலும் இல்லங்களிலும் மாலைநேர வகுப்புகளிலும் பணியாற்றுவோர் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். கேட்டவர்களையோ குழந்தைகளையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் மாலைநேர வகுப்புக்கு வரும் 11 வயதுச் சிறுமி, வேன் ஓட்டுநர் தன்னைத் தொடும் விதம் பிடிக்கவில்லை என்று ஆசிரியையிடம் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறாள். அவர் நெடுங்காலமாக எங்களிடம் வேலை செய்பவர். முதலில் நாமே விசாரிப்போம், உண்மை என்று உறுதியானால் காவல் துறைக்குப் போகலாம் என்கிறார் நிர்வாக அறங்காவலர். இது சரியா?

பதில்: சரியல்ல. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்திருப்பதை அறிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சுகிறவரும் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தெரிவித்தாக வேண்டும். உண்மையை உறுதி செய்துகொண்டு வாருங்கள் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு; தமக்குக் கீழ் பணிபுரிபவரின் குற்றத்தைத் தெரிவிக்காத நிறுவனப் பொறுப்பாளருக்கு அது ஓராண்டு வரை நீளும். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது வழக்குத் தொடர முடியாது என்ற பாதுகாப்பும் அதே 19ஆம் பிரிவில் இருப்பதை அறங்காவலர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். பலர் தயங்குவது அந்த அச்சத்தால்தான்.

“நாமே விசாரிப்போம்” என்பதில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ஆசிரியை ஒருமுறை, செயலர் ஒருமுறை, அறங்காவலர்கள் கூடி இன்னொரு முறை என்று கேட்டுக்கொண்டே போனால், குழந்தை தன்னை யாரும் நம்பவில்லை என்று எண்ணி வாய்மூடிவிடுகிறாள். ஓட்டுநரை அழைத்துக் கேட்டால், அன்று மாலையே அவர் அந்தப் பெற்றோர் வீட்டு வாசலில் நிற்பார். ஊர்ப் பெரியவர்களை வைத்துச் சமரசம் பேசும் முயற்சியும் தொடங்கிவிடும். ஆகவே ஆசிரியை, அவள் சொன்னதை அவள் சொன்ன சொற்களிலேயே, தேதியும் நேரமும் குறித்து அன்றே எழுதிக் கையொப்பமிட்டு வைக்கட்டும். “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று அவளுக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம். “நீ சொன்னது நல்லது, உனக்கு உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்” என்று சொல்லலாம். காரணம் காட்டி விவாதிக்காமல், அந்த ஓட்டுநரைக் குழந்தைகள் இருக்கும் எல்லாப் பணிகளிலிருந்தும் அன்றே விலக்கி வையுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைத்து வழிகாட்டல் பெறலாம். ஆனால் காவல் துறைக்குத் தெரிவிக்கும் கடமை அந்த அழைப்போடு முடிந்துவிட்டதாகக் கருதாதீர்கள்.

குழந்தையைக் காவல் நிலையத்தில் உட்காரவைத்துவிடுவார்களே என்று பெற்றோர் அஞ்சினால், வாக்குமூலத்தை அவளுடைய வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத காவலர், இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, பதிவு செய்ய வேண்டும் என்று சட்டமே கூறுவதை விளக்குங்கள். பெற்றோரோ அவள் நம்பும் ஒருவரோ அப்போது உடனிருக்கலாம்.

கேள்வி: கல்லூரி மாணவர்கள் ஒரு மாதம் மட்டும் தன்னார்வலர்களாக வருகிறார்கள். அவர்களுக்கும் காவல் துறைச் சரிபார்ப்பு வேண்டுமா?

பதில்: குழந்தைகள் தங்கும் நிறுவனங்களும், அவர்களோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்களும் தங்கள் பணியாளர்களை, நிரந்தரமானாலும் ஒப்பந்தமானாலும், காலமுறைப்படி சரிபார்க்க வேண்டும் என்கின்றன 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள். தன்னார்வலர்களையும் அதே தட்டில் வைப்பதே என் பரிந்துரை. எனினும் அந்தச் சான்று, காவல் துறைப் பதிவில் வழக்கு இல்லை என்பதை மட்டுமே சொல்லும். முன்பு பணியாற்றிய இடத்தைத் தொலைபேசியில் அழைத்து, “இவரை மீண்டும் குழந்தைகளோடு பணியாற்ற விடுவீர்களா?” என்று நேரடியாகக் கேளுங்கள், எதிர்முனையில் தயக்கம் தெரிந்தால் அதைப் பொருட்படுத்துங்கள். எந்தப் பெரியவரும் மூடிய அறையில் ஒரு குழந்தையோடு தனித்திருக்கக் கூடாது, தன்னார்வலர்கள் குழந்தைகளோடு தனிப்பட்ட முறையில் வாட்ஸ்அப்பில் பேசக் கூடாது என்ற இரண்டு விதிகளை முதல் நாளிலேயே எழுத்தில் கொடுத்து ஒப்பம் பெறுங்கள்.

கேள்வி: பிறந்தநாளுக்கு எங்கள் இல்லத்தில் உணவளிக்க வருகிறவர்கள் குழந்தைகளோடு படமெடுத்து முகநூலில் போடுகிறார்கள். தடுத்தால் நன்கொடை குறைந்துவிடும் என்று அஞ்சுகிறோம்.

பதில்: தடுத்தே ஆக வேண்டும். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டும் பெயர், படம், பள்ளி போன்ற எதையும் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில் தடை செய்கிறது. ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டத்தை ஒருபுறம் வைத்துவிட்டு அந்தக் காட்சியையே பாருங்கள். பசியோடு தட்டின் முன் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள், கேக் வெட்டிப் படமெடுத்து முடியும்வரை சோற்றில் கை வைக்காமல் காத்திருக்கிறார்கள். அந்தப் படத்தை மறுநாள் வகுப்புத் தோழன் ஒருவன் கைபேசியில் காட்டினால், இல்லத்தில் வளர்வதைச் சொல்லாமல் இருந்த ஒரு சிறுவனுக்குப் பள்ளிக்குப் போவதே பாரமாகிவிடும். வன்முறை செய்த உறவினரிடமிருந்து மீட்கப்பட்ட குழந்தை என்றால், இருக்குமிடமும் தெரிந்துவிடும். நன்கொடை ரசீதோடு ஒரு பக்க வேண்டுகோளைக் கொடுங்கள். சமையற்கூடத்தையோ, குழந்தைகள் வரைந்த ஓவியங்களையோ படமெடுக்கச் சொல்லுங்கள். காரணத்தைப் பணிவாகச் சொன்னால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வதையே நான் கண்டிருக்கிறேன்.

கேள்வி: மனநலம் பாதிக்கப்பட்டோர் இல்லத்தில் உதவிக்குச் செல்கிறேன். இரவில் ஒரே காவலாளி இருப்பதால், எழுந்து நடமாடும் ஒருவரைத் துணிக்கயிற்றால் கட்டிலோடு கட்டுகிறார்கள். அவருடைய மணிக்கட்டில் தழும்பு இருக்கிறது. நிர்வாகி, “அவருடைய நன்மைக்குத்தான்” என்கிறார்.

பதில்: 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கட்டியவர்களும் அவர்களின் நன்மைக்கென்றே அதை நியாயப்படுத்தியிருப்பார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சங்கிலியால் பிணைப்பதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. பிற வகைக் கட்டுப்பாட்டை, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவைக்கு மேல் ஒரு கணமும் நீளாமல், பதிவேட்டில் எழுதியே பயன்படுத்தலாம். ஆள் பற்றாக்குறையை மட்டும் காரணமாகக் காட்டிக் கட்டக் கூடாது என்றும் அதே சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. நிர்வாகியின் விளக்கம் அந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது.

நீங்கள் பார்த்த தழும்பின் இடம், அளவு, நிறம், பார்த்த நாள் ஆகியவற்றை எழுதி வையுங்கள். எழுத்தில் நிர்வாகத்திடம் கேளுங்கள்; நடைமுறை மாறாவிட்டால் மனநல மறுஆய்வு வாரியத்துக்குப் புகார் அனுப்பலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் (2016) கீழ், துன்புறுத்தல் பற்றி நிர்வாக நடுவருக்கு (எக்சிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்) தகவல் தரவும் எவருக்கும் உரிமை உண்டு. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 112ஐ உடனே அழையுங்கள்.

கேள்வி: முதியோர் இல்லத்தில் இருக்கும் பாட்டி ஒருவரின் ஏடிஎம் அட்டையை மேற்பார்வையாளர் வைத்திருக்கிறார். “எனக்குச் சோறு போடுகிறவர், நீ யாரிடமும் சொல்லாதே” என்கிறார் பாட்டி. என்ன செய்வது?

பதில்: குழந்தையின் விஷயத்துக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. தெளிந்த அறிவுடைய பெரியவரின் முடிவை நாம் பறிக்கக் கூடாது. ஆனால் அது அச்சத்தில் எடுத்த முடிவா என்று பார்க்க வேண்டும். மேற்பார்வையாளர் இல்லாத இடத்தில் அமர்ந்து, கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா, புகார் சொன்னால் வெளியேற்றிவிடுவார்கள் என்று அஞ்சுகிறாரா என்று மெதுவாகக் கேளுங்கள். 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அவரே அழைக்கத் துணையிருங்கள். பணியாளர் எவரும் இல்லவாசிகளின் அட்டையையோ ரகசிய எண்ணையோ வைத்திருக்கக் கூடாது என்ற பொது விதியை அறங்காவலர்கள் கொண்டுவரச் சொன்னால், பாட்டியின் பெயரை எடுக்காமலேயே அட்டை அவர் கைக்குத் திரும்பும்.

கேள்வி: புகாருக்குள்ளான ஊழியர் ஒருவர் தாமாகவே விலகிவிட்டார். இப்போது வேறொரு குழந்தைகள் இல்லத்தில் சேர நற்சான்று கேட்கிறார். விலகிவிட்ட பின் எங்களுக்கு என்ன பொறுப்பு?

பதில்: பாலியல் குற்றம் பற்றிய புகார் என்றால், அவர் விலகியதால் காவல் துறைக்குத் தெரிவிக்கும் கடமை மறைந்துவிடாது, தெரிவிக்காமல் விட்டிருந்தால் இன்றே தெரிவியுங்கள். நற்சான்று தரவே கூடாது. பணியாற்றிய காலத்தையும் பதவியையும் மட்டும் குறிப்பிட்டுக் கடிதம் தரலாம். புதிய நிறுவனம் விசாரித்தால், ஊகங்களைச் சேர்க்காமல், ஒரு புகார் நிலுவையில் இருக்கும்போதே அவர் விலகினார் என்ற உண்மையைச் சொல்லுங்கள். குழந்தையின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. புகாரின் முழு ஆவணத்தையும் பூட்டிய அலமாரியில் வைத்து, சாவி இருவர் பொறுப்பில் இருக்கும்படி செய்யுங்கள்.