புதுப் பாயின்ட் போட்டும் மிஸ் அடிக்கிறதா?

கேள்வி: என்னிடம் 1966 மாடல் எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. ஐட்லிங்கில் இஞ்சின் குலுங்குகிறது, வேகம் எடுத்தால் மிஸ் அடிக்கிறது. சிலிண்டர்களுக்கு ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில் பாயின்ட், பாயின்ட்டில் பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சர், ரோட்டார், கேப் எல்லாவற்றையும் இரண்டு முறை மாற்றிவிட்டேன். பாயின்ட் இடைவெளியோ ஒவ்வொரு முறை அளக்கும்போதும் ஒவ்வொரு மாதிரி வருகிறது. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை எனக்குப் பிடிக்கத் தெரியவில்லையா? டிஸ்ட்ரிபியூட்டரையே தூக்கிப் போடச் சொல்கிறார் மெக்கானிக்.

பதில்: உங்கள் கையில் குறை இல்லை. இடைவெளி மாறிக்கொண்டே இருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

கேப்பையும் ரோட்டாரையும் கழற்றுங்கள். பாயின்ட் முழுதாகத் திறந்து நிற்கும் இடத்துக்கு இஞ்சினைத் திருப்பி, ஷாஃப்டின் தலையை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். பாயின்ட் வாய் கூடிக் குறைவது கண்ணுக்கே தெரிந்தால் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. உங்கள் வண்டிக்கு இருக்க வேண்டிய இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரைதான். ஷாஃப்ட் மயிரிழை ஆடினாலும் அந்தக் கணக்கு போய்விடும். பாயின்ட் திறக்கும் நேரத்தில்தான் ஸ்பார்க் வருகிறது. அது முன்னே பின்னே ஆனால் ஒரு சிலிண்டருக்கு ஒரு டைமிங், அடுத்ததற்கு வேறு டைமிங். டிஸ்ட்ரிபியூட்டர் இஞ்சினின் பாதி வேகத்தில் சுற்றுவதால் இங்கே ஒரு டிகிரி பிசகினால் கிராங்கில் அது இரண்டு டிகிரி. இந்த நிலையில் எத்தனை புதுப் பாயின்ட் போட்டு என்ன பயன்?

புஷ்ஷைத் தட்டி எடுத்துவிட்டுப் புதிது போடலாம். வெண்கலப் பொடியை அழுத்திச் செய்தது போல இருக்கும் அந்த வகை புஷ், எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். போடுவதற்கு முன் 24 மணி நேரம் இஞ்சின் ஆயிலில் மூழ்கக் கிடக்கட்டும். இறுக்கமாக இருக்கிறதே என்று உள்ளே துளையைக் குடையும் ரீமர் விட்டுவிடாதீர்கள். நுண்ணிய துளைகள் அடைபட்டு எண்ணெய் கசியாது. ஷாஃப்டே தேய்ந்திருந்தால் புஷ் மட்டும் மாற்றுவது வீண். நல்ல ஷாஃப்ட் தேட வேண்டியதுதான்.

கழற்றும்போது அடியில் இஞ்சினோடு கோத்துச் சுற்றும் டிரைவ் டாக் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அது நடுவிலிருந்து கொஞ்சம் ஒதுங்கி இருக்கும். பின்னைத் தட்டி எடுத்து 180 டிகிரி திருப்பிப் போட்டுவிட்டால் ரோட்டார் எதிர்த் திசையைப் பார்க்கும், வண்டி கிளம்பாது.

கேள்வி: பிரித்துப் பார்த்ததில் உள்ளே இரண்டு ஸ்பிரிங். ஒன்று லூசாகத் தொங்குகிறது. தளர்ந்துவிட்டதா? மாற்றலாமா?

பதில்: தொடாதீர்கள்! இந்தத் தப்பை நான் செய்திருக்கிறேன். பொறுப்பாக அந்த ஸ்பிரிங்கின் கொக்கியை வளைத்துச் சிறிதாக்கி, இறுக்கமாக மாட்டிவிட்டேன். அப்புறம் வண்டி சோம்பேறி ஆகிவிட்டது, மேட்டில் மூச்சு வாங்கியது. இரண்டு நாள் கார்புரேட்டரைத் திட்டிக்கொண்டு இருந்தேன். பல டிஸ்ட்ரிபியூட்டர்களில் ஒரு ஸ்பிரிங்குக்கு வேண்டுமென்றே நீண்ட கொக்கி வைத்திருப்பார்கள். வேகம் கூடும்போது வெளியே விரிந்து டைமிங்கை முன்னே தள்ளும் வெயிட்டுகளை முதலில் மெல்லிய ஸ்பிரிங் மட்டும் பிடித்துவைக்கும், அதனால் டைமிங் சட்டென்று முன்னேறும். வேகம் கூடிய பிறகுதான் இரண்டாவது ஸ்பிரிங் இழுபட்டு அதை மட்டுப்படுத்தும். தொங்குவதுதான் அதன் வேலை.

கையோடு, இஞ்சினின் உறிஞ்சலால் டைமிங்கை நகர்த்தும் வாக்குவம் யூனிட்டையும் பார்த்துவிடுங்கள். குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, முனையை நாக்கால் அடைத்துக்கொள்ளுங்கள். பாயின்ட் இருக்கும் பிளேட் நகர்ந்து அங்கேயே நிற்க வேண்டும். மெதுவாகத் திரும்பி வந்தால் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்திருக்கிறது.

கேள்வி: பாயின்ட்டில் ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மேடு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: உப்புத்தாள் வேண்டாம். அதன் மணல் முகத்தில் பதிந்துவிடும். மெல்லிய அரம் போதும். ஆனால் ஒரு பக்கத்து உலோகம் மறுபக்கம் போய் ஒட்டுகிறது என்றால் முதல் சந்தேகம் கண்டென்சர் மேல்தான். அதையும் சேர்த்து மாற்றுங்கள். பழையது வேலை செய்துகொண்டிருந்த ஒன்றாக இருந்தால் மட்டும் குப்பையில் போடாமல் வண்டியிலேயே வையுங்கள். புதிது எல்லாமே நல்லது என்று நம்பிக் கிளம்பி, வழியில் நின்றவன் நான்.