ஊர் பிளஸ் தொழில்: டொமைன் பெயரில் காசு இருக்கிறதா?

'கடலூர் பிளம்பர்', 'பாண்டி போட்டோகிராபர்' என்று ஊரையும் தொழிலையும் ஒட்டி இணைய முகவரி (டொமைன்) ஒன்றைப் பதிந்து வைத்துக்கொள்வது, பிறகு அதை அந்தத் தொழிலில் இருப்பவருக்கு விற்பது அல்லது வாடகைக்கு விடுவது: இதைப் பற்றிக் கடலூர், புதுச்சேரி வாசகர்களிடமிருந்து கொத்தாகக் கேள்விகள் வந்திருப்பதால் இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில்.

கேள்வி: கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. கடலூர், சிதம்பரம், பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் ஆகிய 5 ஊர்களுக்கும் தலா 10 தொழில்கள் சேர்த்து 50 டாட் காம் பெயர்கள் வாங்கிப் போடலாம் என்று இருக்கிறேன். சரியா? – வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: வேண்டாம். 60,000 என்பது முதல் வருடக் கணக்குதான். டொமைனை யாரும் விலைக்கு வாங்குவதில்லை, வருடக் குத்தகைக்குத்தான் எடுக்கிறோம். டாட் காமின் மொத்த வியாபார விலையே, அதாவது நமக்குப் பெயரைப் பதிந்து தரும் கம்பெனி கொடுக்கும் விலையே, 2024 செப்டம்பரில் வருடத்துக்கு 10.26 டாலர் ஆனது. அதன் மேல் பதிவு கம்பெனியின் லாபம், 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து ஒரு பெயருக்கு ஏறக்குறைய 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடத்துக்குத் தள்ளுபடி என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அடுத்த வருடம் முதல் புதுப்பிக்கக் கட்ட வேண்டிய ரினியூவல் விலை அதே பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும். 50 பெயரைக் கையில் வைத்திருக்கவே வருடம் 60,000. ஒரு பெயர் 10,000 ரூபாய்க்குப் போகிறது என்றால், ரினியூவலை ஈடுகட்ட மட்டும் வருடத்துக்கு 6 விற்றாக வேண்டும். ஏழாவதிலிருந்துதான் உங்களுக்கு லாபம்.

பெயரைத் தேடுவதற்கு முன்னால் அதை வாங்கப் போகிறவரைத் தேடுங்கள். கூகுள் மேப்ஸில் ஊரையும் தொழிலையும் தட்டி, வரும் கடைகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விஷயம்: சொந்த வெப்சைட் இருக்கிறதா, கூகுளிலோ ஃபேஸ்புக்கிலோ காசு கட்டி விளம்பரம் செய்கிறாரா, ஒரு வேலைக்கு அவருக்குச் சராசரியாக எவ்வளவு நிற்கும். சிதம்பரத்தில் பெயிண்டர் என்று எடுத்தால் பட்டியல் நீளமாகத்தான் வரும். ஆனால் அவர்களுக்கு வேலை மேஸ்திரி வழியாகவும் பெயிண்ட் கடை வழியாகவும் வருகிறது, செல்போன் நம்பர்தான் விலாசம். அந்தப் பெயரை இலவசமாகக் கொடுத்தாலும் வைத்து என்ன செய்வதென்று கேட்பார்கள். குழாய் வாஷர் மாற்ற வருகிறவர் 10,000 ரூபாய் போட்டு முகவரி வாங்கமாட்டார். அவர் மேல் தப்பில்லை, உங்கள் கணக்கில்தான் தப்பு.

ஒரே வேலையில் பெரிய தொகை புரளும் தொழிலாகப் பாருங்கள். மேல்மாடி சோலாரை எடுத்துக்கொள்ளுங்கள். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியமே வருகிறது என்றால் வேலையின் மொத்தத் தொகை எவ்வளவு என்று நீங்களே ஊகிக்கலாம். அதில் இருப்பவருக்கு இணையம் வழியாக வருடத்துக்கு இரண்டு வாடிக்கையாளர் கூடுதலாக வந்தாலே பெயருக்குக் கொடுத்த காசு வந்துவிடும். போர்வெல், மாடுலர் கிச்சன், மொட்டைமாடி வாட்டர்புரூஃபிங், பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் எல்லாம் இந்த வகை. நெய்வேலியில் மாற்றலாகி வருபவர்களும் போகிறவர்களும் இருப்பதால் கடைசியாகச் சொன்னதற்கு அங்கே அர்த்தம் உண்டு. அதே பெயர் விருத்தாசலத்தில் சும்மா கிடக்கும். இப்படிச் சலித்த பிறகு 50-இல் நாலைந்துதான் தேறும். அந்த நாலைந்தை வாங்கி, இரண்டு வருட ரினியூவலுக்கான பணத்தையும் தனியாக எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: பாண்டிச்சேரியா, புதுச்சேரியா, பாண்டியா? எந்தப் பெயரில் வாங்குவது? – வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: 2006-இல் பெயர் மாற்றச் சட்டம் வந்து அரசு ஆவணங்களில் புதுச்சேரி ஆகிவிட்டது. ஆனால் தேடுபெட்டியில் தட்டுகிறவர் அரசாணை படிப்பதில்லை. இங்குள்ள மத்தியப் பல்கலைக்கழகமே இன்னும் பாண்டிச்சேரி பல்கலைக்கழகம்தான். எனவே வாடிக்கையாளர் எங்கிருந்து வருகிறார் என்று முதலில் பாருங்கள். திருமண போட்டோகிராபர், பீச் வெடிங் பிளானர், ஹோம்ஸ்டே போன்றவற்றுக்குச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆள் வருகிறார்கள். அவர்கள் வாயில் இருப்பது பாண்டிச்சேரி, இல்லையென்றால் பாண்டி. ஊகத்தில் விடாதீர்கள். எந்தச் சொல் அதிகம் தேடப்படுகிறது என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸில் மூன்று எழுத்துக்கூட்டலையும் ஒன்றாகப் போட்டு, 5 வருட வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், காசு கேட்கமாட்டார்கள். பிறகு தொழிலையும் சேர்த்துப் போடுங்கள். பல நேரம் 'போதுமான தரவு இல்லை' என்று வரும். அதுவும் ஒரு பதில்தான்: அந்த ஜோடியைத் தேடுகிறவர்கள் குறைவு.

கடலூருக்கு வேறு தலைவலி. ஆங்கிலத்தில் இரண்டு டி, கடைசியில் ஓசையில்லாத ஒரு இ. ஒரு டி-யை விட்டு அடிப்பவர், கடைசி இ-யை விடுபவர், கே-யில் தொடங்கி 'கடலூர்' என்றே ஒலிப்படி அடிப்பவர் என்று மூன்று விதமாகப் பிரிந்து போவார்கள். சரியான எழுத்துக்கூட்டலை வாங்குங்கள். பிழையான வடிவங்களை வாங்கிக் குவிப்பது வீண்செலவு, ஏனென்றால் தேடலில் கூகுளே திருத்திக் கொடுத்துவிடுகிறது. கடலூருக்குள் இருக்கும் திருப்பாதிரிப்புலியூர் பெயர்ப் பக்கமே போக வேண்டாம். அதை ரயில்வே ஒரு மாதிரி எழுதும், கடைப் பலகை இன்னொரு மாதிரி எழுதும்.

தொழில் பெயரிலும் இதே சோதனைதான். போனில் ஒரு முறை சொல்லி, எதிரே இருப்பவரை எழுதச் சொல்லுங்கள். 'பிளம்பர்' தப்பிக்கும். சொல்லின் நடுவில் ஆங்கிலேயர் விழுங்குகிற அந்த 'பி'யை நாம் அழுத்தமாகவே உச்சரிப்பதால் எழுத்தும் சரியாக வரும். 'எலக்ட்ரீஷியன்' தடுமாறும். 'சமையல்', 'பந்தல்' போன்ற தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் போட்டால் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள், கேட்டரிங் என்றே போடுங்கள். நடுவில் ஹைபன் வேண்டாம், அதை வாயால் சொல்ல வழியில்லை.

தமிழ் எழுத்திலேயே, டாட் இந்தியா என்ற முடிவோடும் பெயர் பதியலாம். ஆசைக்கு ஒன்று வாங்கலாம், முதலீடாக வேண்டாம். உள்ளுக்குள் அது 'எக்ஸ்என்' என்று தொடங்கும் ஆங்கிலக் குறியீடாகத்தான் சேமிக்கப்படுகிறது. சில செயலிகளில் லிங்கைப் பகிரும்போது அந்தக் குறியீடே தெரிவதால் பார்க்கிறவர் வைரஸ் என்று பயந்து தொடமாட்டார்.

கேள்வி: கடலூர் வக்கீல், கடலூர் டாக்டர், கடலூர் ஆடிட்டர், பாண்டி ஆர்க்கிடெக்ட் என்ற பொருளில் நாலு நல்ல பெயர்கள் என்னிடம் இருக்கின்றன. இரண்டு வருடமாக யாருக்கு எழுதினாலும் பதில் இல்லை. விலை அதிகமோ? – வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: விலையைக் குறைத்தும் பயனில்லை அம்மா. அமெரிக்காவில் இந்த நான்கும் நன்றாக விலைபோகும் வகை. அங்கே வக்கீல்கள் நெடுஞ்சாலைப் பலகையில்கூட விளம்பரம் செய்கிறார்கள். அதைப் பார்த்து இங்கே வாங்கினால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம்.

இந்திய பார் கவுன்சில் விதி 36-இன்படி வழக்கறிஞர் விளம்பரம் செய்து வழக்குத் தேடக்கூடாது. 2008 திருத்தத்துக்குப் பிறகு வெப்சைட் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பெயர், முகவரி, தொலைபேசி, பதிவு எண், கல்வித் தகுதி, எந்த வகை வழக்கு பார்க்கிறார் என்பது போன்ற சில விவரங்களுக்கு மட்டுமே அனுமதி. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், இணையதளங்கள் வழியாக வழக்குப் பிடிக்கும் வழக்கறிஞர்கள்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லித் தீர்ப்பே கொடுத்தது. 'இந்த ஊர் வக்கீல்' என்று முகவரியிலேயே கூவுகிற ஒன்றை விவரம் தெரிந்த எந்த வழக்கறிஞர் வாங்குவார்? டாக்டர்களுக்கு 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறைகள் இருக்கின்றன, சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்களுக்கு 1949 சட்டத்தின் அட்டவணை, ஆர்க்கிடெக்ட்களுக்கு 1989 நடத்தை விதிகள். நான்கிலும் வாடிக்கையாளரைக் கூவி அழைக்கத் தடை உண்டு. சிலர் மீறுகிறார்கள் என்பது உண்மை, அதை நம்பிப் பணம் போட முடியாது.

நாலையும் அடுத்த ரினியூவலில் விட்டுவிடுங்கள். அதே துறையில் தடையில்லாத பக்கம் ஒன்று இருக்கும்: ஆர்க்கிடெக்ட்டுக்குப் பதில் இன்டீரியர், டாக்டருக்குப் பதில் ஹோம் நர்சிங் அல்லது ஆம்புலன்ஸ்.

கேள்வி: இப்படிப் பெயர் இருந்தால் கூகுளில் முதலில் வருமாமே? – வாசகர், வில்லியனூர்

பதில்: ஒரு காலத்தில் வந்தது. 2012 செப்டம்பரில் கூகுள் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு, உள்ளே சரக்கில்லாமல் பெயரை மட்டும் வைத்து மேலே ஏற முடியவில்லை. இப்போது 'பக்கத்தில் ஏசி மெக்கானிக்' என்று தேடினால் முதலில் மேப்தான் வருகிறது. அதில் இடம் கிடைப்பது தூரத்தையும் ரிவியூவையும் பொறுத்தது. வாங்க வருபவரிடம் 'முதலிடம் கிடைக்கும்' என்று சொல்லி விற்காதீர்கள். ஆறு மாதத்தில் சண்டைக்கு வருவார். வேன் பக்கவாட்டில் எழுதினால் ரோட்டில் போகிறவருக்கு மனதில் நிற்கும், ஊர்க்காரர் என்ற நம்பிக்கை வரும் என்று சொல்லுங்கள். அது உண்மை.

கேள்வி: விற்க முடியாவிட்டால் வாடகைக்கு விடலாமா? மாதம் எவ்வளவு கேட்கலாம்? – வாசகர், பண்ருட்டி

பதில்: சிறு ஊர்ப் பெயர்களுக்கு வாடகைதான் பெரும்பாலும் ஒத்துவரும். மொத்தமாக 15,000 கேட்டால் முகம் சுளிப்பவர் மாதம் 800 என்றால் யோசிப்பார். ஒரு வேலையில் அவருக்குக் கையில் நிற்கும் தொகையின் பாதிக்கு மேல் மாத வாடகை போகக்கூடாது என்பது எங்கள் கணக்கு.

வெறும் பெயரைக் காட்டினால் யாரும் வாடகை தரமாட்டார்கள். ஒரே பக்கத்தில் என்ன வேலை, எந்த ஏரியா, போன் பொத்தான், வாட்ஸ்அப் பொத்தான் போட்டு மூன்று மாதம் ஓடவிடுங்கள். எத்தனை பேர் அந்தப் பொத்தானைத் தொட்டார்கள் என்ற எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். பொத்தானில் உங்களுடைய தனி சிம் நம்பர் இருக்கட்டும், அழைப்பை அவருக்குத் திருப்பிவிடுங்கள். நேராக அவர் நம்பரையே போட்டால், வாடிக்கையாளர்கள் அதைச் சேமித்துக்கொண்ட பிறகு உங்கள் பெயர் அவருக்குத் தேவைப்படாது.

ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக்கொள்ள வேண்டியவை: டொமைன் உங்கள் கணக்கிலேயே இருக்கும், வாடகை இத்தனை நாள் தவறினால் பக்கம் நிறுத்தப்படும், பிற்பாடு வாங்க விரும்பினால் என்ன விலை. முக்கியமாக, வேலையில் குறை வந்தால் பொறுப்பு தொழில் செய்பவருடையது. இதை விட்டுவிட்டால், மாடி ஒழுகும் வீட்டுக்காரர் டொமைன் யாருடையது என்று விசாரித்து உங்கள் வாசலில் வந்து நிற்பார்.

கேள்வி: ஒருவர் 18,000 ரூபாய்க்கு வாங்கச் சம்மதித்திருக்கிறார். 'கோடு அனுப்புங்கள், உடனே ஜிபே பண்ணுகிறேன்' என்கிறார். அனுப்பலாமா? – வாசகர், லாஸ்பேட்டை

பதில்: கூடவே கூடாது. அவர் கேட்பது ஆத் கோடு, அதாவது டொமைனை வேறு கம்பெனிக்கு மாற்றத் தேவைப்படும் ரகசியக் குறியீடு; அது வீட்டுச் சாவி மாதிரி. அது அவர் கைக்குப் போய், மாற்றத்தைத் தடுக்கும் லாக்கும் உங்கள் கணக்கில் திறந்திருந்தால் பெயர் சில நாளில் அவர் கணக்குக்குப் போய்விடும். திரும்ப வாங்க நீங்கள் அலைய வேண்டும்.

முதலில் அவரும் உங்கள் பதிவு கம்பெனியிலேயே கணக்கு வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் திறக்கச் சொல்லுங்கள், இலவசம்தான். ஒரே கம்பெனிக்குள் கணக்கிலிருந்து கணக்குக்குத் தள்ளுவதை 'புஷ்' என்பார்கள். சில நிமிட வேலை, கோடும் தேவையில்லை. இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, பணம் வங்கியில் ஏறியதை உங்கள் செயலியில் நீங்களே பார்த்த பிறகு தள்ளுங்கள். அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம். ஆள் வெளியூர் என்றால் எஸ்க்ரோ சேவை வழியாகப் போங்கள். பணம் நடுவரிடம் இருக்கும், பெயர் கைமாறியது உறுதியானதும் உங்களுக்கு வரும். கட்டணம் யார் தருவது என்பதை முன்பே பேசிவிடுங்கள்.

வேறு கம்பெனிக்கே மாற்ற வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால் பதிவுத் தேதியைப் பாருங்கள். டாட் காம் பெயரைப் பதிந்து அல்லது கம்பெனி மாற்றி 60 நாள் ஆகாவிட்டால் பெரும்பாலும் நகராது. விற்பனைக் கடிதம் ஒன்று, இருவர் பான் எண்ணோடு, கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். வருமான வரி நேரத்தில் ஆடிட்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.

கேள்வி: பிரபல ஏசி கம்பெனியின் பெயரோடு 'சர்வீஸ் கடலூர்' என்று சேர்த்த பெயர் காலியாக இருக்கிறது. வாங்கலாமா? – வாசகர், குறிஞ்சிப்பாடி

பதில்: காலியாக இருப்பதே பொறி. டாட் இன் பெயர்களுக்கு 2005 முதல் தனித் தகராறு தீர்வு முறை இருக்கிறது, டாட் காமுக்கு 1999 முதல். பிராண்ட் பெயரை வைத்து ஆதாயம் தேடினீர்கள் என்று காட்டினால் பெயர் கைவிட்டுப் போகும். டொமைன் பெயருக்கும் வணிகப் பெயருக்குரிய பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே சொல்லிவிட்டது. வெறும் 'ஏசி சர்வீஸ்' போதும்.

கேள்வி: நான் விரும்பும் டாட் காம் பெயர் போன வாரம் காலாவதியாகிவிட்டது. ஆனாலும் வாங்க முடியவில்லையே? – வாசகர், அரியாங்குப்பம்

பதில்: அது இன்னும் பழைய ஆளுடையதுதான். காலாவதிக்குப் பிறகு பதிவு கம்பெனி 45 நாள் வரை அவகாசம் தரலாம். அதன்பின் 30 நாள் மீட்புக் காலம், அதில் பழைய ஆள் கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம். பிறகு 5 நாள் யாரும் தொட முடியாத நிலை, அப்புறம்தான் வெளியே விழும். பல கம்பெனிகள் அதற்கு முன்பே ஏலத்தில் விட்டுவிடுகின்றன. தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். காத்திருக்கும் நாட்களில் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் அந்த முகவரியைப் போட்டு, முன்பு அதில் என்ன ஓடியது என்று பாருங்கள். சூதாட்டமோ போலி மருந்தோ ஓடியிருந்தால் கூகுள் அதை ஏற்கெனவே ஒதுக்கி வைத்திருக்கக்கூடும். அப்படி ஒரு பெயர் 100 ரூபாய்க்கு வந்தாலும் விட்டுவிடுங்கள்.