ஏபிஎஸ்-சி, ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆர் இரண்டிலும் 24 மெகாபிக்சல்தான் என்றால், படத்தரம் ஏன் வேறுபடுகிறது?

படம் எத்தனை புள்ளிகளாகப் பதிவாகிறது என்பதை மட்டுமே மெகாபிக்சல் எண் சொல்கிறது. அந்தப் படத்தை உருவாக்க எவ்வளவு ஒளி கிடைத்தது என்பதை அது சொல்வதில்லை. நீங்கள் காணும் வேறுபாட்டின் பெரும்பகுதி இந்த ஒளியைச் சார்ந்தது.

ஏபிஎஸ்-சி, ஃபுல் ஃபிரேம் என்பவை கேமராவில் ஒளியைப் பதிவு செய்யும் சில்லான சென்சாரின் இரு அளவுகள். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அளவு 36×24 மி.மீ.; நிக்கானின் ஏபிஎஸ்-சி சென்சார் ஏறத்தாழ 23.5×15.6 மி.மீ., கேனானுடையது இன்னும் சற்றுச் சிறியது. ஒரே காட்சியை ஒரே அபெர்ச்சரிலும் (லென்ஸ் துளையின் அளவைக் குறிக்கும் எஃப்-எண்) ஷட்டர் வேகத்திலும் எடுத்தால், இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட பரப்புள்ள ஃபுல் ஃபிரேம் சென்சார் அதே விகிதத்தில் கூடுதல் ஒளியைப் பெறும். ஒளி தனித்தனித் துகள்களாக வந்து விழுவதால், ஒரே சாம்பல் நிறச் சுவரைப் படமெடுத்தாலும் அருகருகே உள்ள பிக்சல்களில் விழும் துகள்களின் எண்ணிக்கை சற்று ஏறியிறங்கும். இந்த ஏற்ற இறக்கமே படத்தில் இரைச்சலாகத் தெரிகிறது. அது ஒளியளவின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே வளர்வதால், ஒளி நான்கு மடங்கானால் இரைச்சல் இரு மடங்குதான் ஆகும்; அதாவது ஒளியோடு ஒப்பிட்டால் இரைச்சல் பாதியாகிறது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (மங்கிய ஒளியில் படத்தை வெளிச்சமாக்க உயர்த்தும் அமைப்பு) 100-இல் இரு கேமராக்களையும் பிரித்தறிவது கடினம். மங்கிய ஒளியில் ஐஎஸ்ஓ 3200-க்கு மேல் சென்றால் வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

ஒப்பிடும் முறையிலும் கவனம் வேண்டும். 2012-இல் வெளியான நிக்கான் டி800 (36.3 மெகாபிக்சல்), டி4 (16.2 மெகாபிக்சல்) இரண்டுமே ஃபுல் ஃபிரேம் கேமராக்கள். நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால் டி800-இன் படம் கூடுதல் இரைச்சலுடன் தோன்றும். இரண்டையும் ஒரே அளவுக்குச் சுருக்கினால், மிக உயர்ந்த ஐஎஸ்ஓ தவிர்த்த இடங்களில், அந்த இடைவெளி பெரும்பாலும் மறைந்துவிடும். ஆகவே திரையில் பிக்சலைப் பெரிதாக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதை நான் ஏற்பதில்லை.

சென்சாரிலிருந்து மின்குறிப்பைப் படித்தெடுக்கும் சுற்றுக்கும் பங்குண்டு. அதை எண்களாக மாற்றும் பகுதி சென்சார் சில்லிலேயே அமைந்தால் வழியில் சேரும் இரைச்சல் குறையும். ரா கோப்பின் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலத் தரவு) நிழற்பகுதிகளை வெளிச்சமாக்கும்போது இதன் பயன் தெரியும். கேனான் 5டி வரிசையில் இந்த மாற்றம் 2016-இல் வந்த மார்க் 4-இல்தான் நிகழ்ந்தது.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ளுங்கள். ஏபிஎஸ்-சி கேமராவில் எஃப்/5.6-இல் கிடைக்கும் அதே தெளிவின் ஆழம் (முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் தெளிவாகத் தெரிகிறது என்பது) ஃபுல் ஃபிரேமில் வேண்டுமானால், அபெர்ச்சரை ஏறத்தாழ எஃப்/8.5 வரை சுருக்க வேண்டும். ஷட்டர் வேகத்தையும் மாற்ற இயலாத நிலையில், பெரிய சென்சார் தந்த கூடுதல் ஒளி முழுவதும் அங்கேயே போய்விடும். நீங்கள் எடுப்பவை பெரும்பாலும் அத்தகைய படங்கள் என்றால், ஏபிஎஸ்-சி கேமராவையே வைத்துக்கொண்டு நல்ல லென்ஸ் ஒன்றுக்குச் செலவிடுவதையே பரிந்துரைப்பேன்.