சமூகவியல், மானிடவியல் படிக்கலாமா? களப்பணியைப் பார்த்துத் துறையைத் தேர்ந்தெடுங்கள்

உங்கள் தங்கை பிளஸ் டூ முடித்துவிட்டுச் சமூகவியலோ மானிடவியலோ படிக்க விரும்புகிறார் என்றும், இரண்டுக்கும் என்ன வேறுபாடு, வகுப்பில் என்னதான் சொல்லித்தருவார்கள், படித்தால் வேலை கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் இளநிலையில் சமூகவியலும் முதுநிலையில் மானிடவியலும் படித்தவள். நலத்திட்டங்கள் கிராமங்களில் எப்படி நடக்கின்றன என்று மதிப்பிடும் பணியில், ஒரு தொண்டு நிறுவனத்தில் இப்போது இருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டத்தின் பெயர் என்ன என்பதைவிட, அந்தத் துறை மாணவர்களை எவ்வளவு ஒழுங்காகக் களப்பணிக்கு, அதாவது மக்களிடையே தங்கிக் கேட்டறிந்து எழுதும் பணிக்கு, அனுப்புகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நகரம், தொழிற்சாலை, வர்க்கம், மதம் ஆகியவற்றை ஆராய்வது சமூகவியல், பழங்குடிகளையும் சிறு சமூகங்களையும் ஆராய்வது மானிடவியல் என்று பழைய பாடநூல்கள் பங்கு பிரித்திருக்கும். இந்தியாவில் அந்தப் பங்கீடு நெடுநாள் நிலைக்கவில்லை. ஆக்ஸ்போர்டில் சமூக மானிடவியல் பயின்று, 1948இல் மைசூருக்கு அருகே ஒரு கிராமத்தில் தங்கி ஆய்வு செய்த எம்.என். சீனிவாஸ்தான் 1959இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறையைத் தொடங்கினார். நடைமுறையில் மாணவருக்குத் தெரியும் வேறுபாடு வேறு. மானிடவியலில் உடல்சார் மானிடவியலும் தொல்பழங்காலமும் சேர்ந்து வரும். எலும்புகளை அளக்கவும், இரத்த வகைகளையும் மரபியலையும் படிக்கவும் வேண்டியிருக்கும். சமூகவியலில் கோட்பாடும் புள்ளியியலும் கூடுதலாக இருக்கும். அறிவியல் பிரிவில் படித்த மாணவி என்றால் மானிடவியலின் அந்தப் பகுதி எளிதாகவே இருக்கும்.

முதல் ஆண்டில் சற்றுச் சலிப்பு வரும் என்பதை மறைக்கத் தேவையில்லை. மார்க்ஸ், துர்க்கைம், வெபர் என்று துறையின் முன்னோடிகளை வரிசையாகப் படித்து, இன்டர்னலுக்கு எழுதி, அடுத்த செமஸ்டருக்குப் போய்விடலாம். பலர் அப்படித்தான் போகிறார்கள். ஆனால் தற்கொலை என்னும் முற்றிலும் தனிப்பட்ட செயலின் விகிதங்கள்கூட மக்கள் எந்தச் சமூகத்தில், எத்தகைய பிணைப்போடு வாழ்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறுகின்றன என்று 1897இல் துர்க்கைம் வாதிட்டதை நிறுத்தி நிதானமாகப் படித்தால், ஒருவரின் துயரத்தைக் கேட்கும்போது அவருடைய மனத்தோடு அவர் நிற்கும் இடத்தையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிடும். அந்தப் பழக்கத்துக்காகவே கோட்பாட்டுத் தாளைப் படிக்கலாம்.

என்னை இந்தப் படிப்பில் பிடித்து நிறுத்தியது உறவுமுறைப் பாடம். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்குச் சமக்குறி என்று வரைந்து ஒரு குடும்பத்தின் மூன்று நான்கு தலைமுறைகளைத் தாளில் கொண்டுவர வேண்டும். பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி ஆகியோரின் பிள்ளைகள் நமக்கு உடன்பிறந்தோர் வரிசையில் வருவதும், மாமன், அத்தை பிள்ளைகள் முறையாவதும் நமக்கு மூச்சு விடுவதைப் போல் இயல்பாக இருக்கிறது. அதை வரைந்து பார்க்கும்போதுதான், யாரை மணக்கலாம், யாரை மணக்கக் கூடாது என்ற ஒரே விதி முழு அமைப்பையும் தாங்கி நிற்பது தெரியும். அமெரிக்க வழக்கறிஞரான லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இல் வெளியிட்ட நூலில் தமிழரின் உறவுமுறையையும் அமெரிக்கப் பூர்வகுடிகளான செனக்கா மக்களின் உறவுமுறையையும் அருகருகே வைத்து, இரண்டும் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்திருப்பதைக் காட்டினார். அந்த மக்கள் ஆசியாவிலிருந்து போனவர்கள் என்பதற்கு அந்த ஒப்புமையையே அவர் சான்றாகக் கொண்டதைப் பிற்கால ஆய்வாளர்கள் ஏற்கவில்லை; ஆனாலும் உறவுமுறை ஆய்வு என்ற துறையே அந்த நூலிலிருந்துதான் வளர்ந்தது.

அந்த வரைபடத்தைக் களத்தில் வரைவது வேறு அனுபவம். முதுநிலையில் எங்களை விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் தங்க வைத்தார்கள். ஒரு வீட்டின் திண்ணையில் அமர்ந்து, அந்த வீட்டுக்காரரிடம் அவருடைய அப்பாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். அவர் தம்மையும் இரண்டு தம்பிகளையும் சொன்னார். உள்ளே அடுப்படியில் இருந்த அவருடைய அம்மா, "ஏண்டா, உங்க அக்கா எங்க போனா? நடுவுல ஒரு பொட்டப் புள்ள தவறிப்போச்சே, அதையும் சொல்லு. எழுதிக்கம்மா" என்றார். பிறகு அந்த அம்மாவே வெளியே வந்து உட்கார்ந்து, யாரை எந்த ஊரில் கட்டிக் கொடுத்தது, எந்த வருஷத்துப் பஞ்சத்தில் யார் பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போனார் என்பது வரை சொன்னார். நிலமும் வீடும் ஆண்வழியே போவதால், ஆண்களிடம் கேட்டால் பங்கு உள்ளவர்களே நினைவுக்கு வருகிறார்கள் என்பதை எங்கள் ஆசிரியர் அன்று மாலை களக்குறிப்பைப் படித்துவிட்டு விளக்கினார். குடும்ப அட்டையை மட்டும் பார்த்து எழுதியிருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்காது.

யாரிடம் கேட்கிறோம் என்பதைப் போலவே, எங்கே உட்கார்ந்து கேட்கிறோம் என்பதும் முடிவை மாற்றும். தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்துக்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர் இட்டு சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் எழுதிய ஆய்வு 1965இல் நூலாக வந்தது. சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றும் முன்பு ஒரே கையில் இருந்து எப்படிப் பிரிந்தன என்று அது விளக்குகிறது. அவர் தங்கியது அக்கிரகாரத்தில். அதனால் மற்றத் தெருக்களிலும் சேரியிலும் தம்மால் தாராளமாகப் பழக முடியவில்லை என்பதை அவரே நூலில் எழுதியிருக்கிறார். தன் ஆய்வின் எல்லையை இப்படி வெளிப்படையாகச் சொல்லும் நேர்மையைத்தான் நல்ல துறை மாணவருக்குப் பழக்குகிறது. சாதியைப் பற்றி எழுத வரும் எவரும் எந்தத் தெருவிலிருந்து பார்த்தேன் என்று சொல்லியாக வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

மாணவர் எழுதும் கட்டுரைக்கு மதிப்பென்ன என்று உங்கள் தங்கைக்குத் தோன்றினால், அம்பேத்கரைச் சொல்லுங்கள். 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மானிடவியலாளர் கோல்டன்வைசர் நடத்திய கருத்தரங்க வகுப்பில், 25 வயது மாணவராக அவர் இந்தியாவில் சாதிகள் பற்றிய கட்டுரையைப் படித்தார். தீட்டு, தொழில், உணவு விலக்கு என்று அன்றைய அறிஞர்கள் அடுக்கியவற்றை ஆராய்ந்து, சாதியின் உயிர் அகமணத்தில், அதாவது சொந்தச் சாதிக்குள்ளேயே மணம் முடிப்பதில்தான், இருக்கிறது என்றும், அதைக் காக்கவே சதியும் கட்டாய விதவைக் கோலமும் சிறுமியர் திருமணமும் வந்தன என்றும் வாதிட்டார். நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அதைப் படிக்காமல் இந்தத் துறையில் யாரும் சாதி பற்றிப் பேசத் தொடங்க முடியாது.

வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டத்தை மட்டும் காட்டி வேலை வாங்குவது கடினம். கல்லூரி ஆசிரியர் பணிக்கு நெட் அல்லது செட் என்னும் தகுதித் தேர்வில் தேர்ச்சி தேவை. குடிமைப் பணித் தேர்வில் இரண்டுமே விருப்பப் பாடங்களாக இருக்கின்றன. 250 மதிப்பெண் வீதம் இரண்டு தாள்கள். கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மானிடவியல் ஆய்வு நிறுவனம், உதகமண்டலத்தில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையம் போன்றவற்றில் ஆய்வுப் பணிகள் உண்டு என்றாலும் இடங்கள் குறைவு. என் உடன் படித்தோரில் அதிகம் பேர் தொண்டு நிறுவனங்களிலும், பயனாளர்களை நேரில் கண்டு பேசும் நிறுவன ஆய்வுப் பிரிவுகளிலும் இருக்கிறார்கள். அங்கே தேர்வு செய்பவர்கள் மதிப்பெண்ணைவிட ஆய்வேட்டைத்தான் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள்.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் தமிழ்வழியில் படித்தவர்கள் முதல் ஆண்டில் தடுமாறுகிறார்கள், சிலர் படிப்பையே விட்டுவிடுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். ஆனால் களத்தில் அவர்களுடைய கை ஓங்கி நிற்கும். மக்கள் சொன்னதைச் சொன்ன சொல்லிலேயே தமிழில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதுபவரின் குறிப்பில் உயிர் இருக்கும். கேட்கும்போதே மொழிபெயர்த்து எழுதுபவரின் குறிப்பில் எல்லாரும் ஒரே மாதிரி பேசுவார்கள்.

தமிழ்நாட்டில் இளநிலையில் சமூகவியல் கிடைப்பதைப்போல் மானிடவியல் எளிதில் கிடைப்பதில்லை. சென்னைப் பல்கலைக்கழகம், புதுவைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் முதுநிலையில் படிக்கலாம். ஆகவே சமூகவியலில் தொடங்கி முதுநிலையில் முடிவெடுப்பது நல்லது. சேருமுன் எந்தத் துறைக்கும் நேரில் சென்று, சென்ற ஆண்டு மாணவர்கள் எந்த ஊரில், எவ்வளவு காலம் தங்கினார்கள், ஆசிரியர் உடன் சென்றாரா, களக்குறிப்பை யார் படித்துத் திருத்துகிறார் என்று கேளுங்கள். துறை நூலகத்தில் பழைய ஆய்வேடுகள் இரண்டை எடுத்துப் புரட்டுங்கள். ஒரே வினாப்பட்டியலை நிரப்பிச் சதவீதம் போட்டு முடித்த ஆய்வேடுகளே அங்கே வரிசையாக இருந்தால், கட்டணம் குறைவாக இருந்தாலும் வேறு துறையைத் தேடச் சொல்லுங்கள்.