தங்கம், பிளாட்டினம் எல்லாம் இவ்வளவு கனமாச்சே, பூமிக்கடியில் உள்ள பாறைக்குழம்பு அவற்றை எப்படி மேலே கொண்டுவருகிறது?

மேண்டில், அதாவது பூமியின் மேலோட்டுக்கும் கருவுக்கும் நடுவிலுள்ள அடுக்கு, முழுக்கச் செக்கச்செவேலென்று கொதிக்கும் குழம்பு என்று நினைத்துக் கேட்கிறீர்கள் போல. பள்ளிப் புத்தகப் படங்கள் செய்த வேலை அது. உண்மையில் அது திடப் பாறை. அழுத்தம் குறையும் இடத்திலும் நீர் சேரும் இடத்திலும் அதில் ஒரு பங்கு மட்டும் உருகும்.

கனம் இங்கே பொருட்டே இல்லை. ஆயிரம் டன் மேண்டில் பாறையில் தங்கம் ஏறக்குறைய 1 கிராம், அதுவும் அணுவணுவாகச் சிதறிக் கிடக்கிறது. அது எதோடு ஒட்டிக்கொள்கிறது என்று பாருங்கள். கந்தகத்தோடு. செம்பும் அப்படியே, பிளாட்டின வகைகள் இன்னும் பிடிவாதம், குழம்பை விடச் சல்பைடில் (கந்தகமும் உலோகமும் சேர்ந்த சேர்மம்) பல்லாயிரம் மடங்கு செறிந்திருக்கும்.

ஒரு டன் பாறையில் கந்தகம் சுமார் 250 கிராம். நூறு கிலோ உருகினால், கிலோவுக்கு 1 கிராம் வீதம் அந்தக் குழம்பு கரைக்கக்கூடியது 100 கிராம்தான். மீதி 150 கிராம் சல்பைடாகவே நின்று பிளாட்டினத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சல்பைடு முழுவதும் கரைய 25 சதவீதம் உருக வேண்டும். (‘எல்லாக் குழம்புக்கும் இதே அளவா?’ என்று யாரும் கிளம்ப வேண்டாம். வெப்பம், இரும்பு, அழுத்தத்தைப் பொறுத்து மாறும்.) நிக்கல் கதை வேறு: அது பெரும்பாலும் மேண்டிலின் முக்கியக் கனிமமான ஆலிவின் படிகத்துக்குள் இருக்கிறது.

சல்பைடும் உருகித்தானே இருக்கும், அதுவே ஓடிவரலாமே? எளிதில் வராது. சிலிகேட் குழம்பு, அதாவது உருகிய பாறை, ஆலிவின் மணிகளுக்கிடையே 60 பாகைக்கும் குறைந்த கோணத்தில் படிவதால், 1 சதவீதம் உருகினாலே இழையிழையாக இணைந்து கசியும். சல்பைடுத் துளியோ தாமரை இலைத் தண்ணீர்; மூலையில் உருண்டு நின்றுவிடும்.

சிலி நாட்டுச் செம்புச் சுரங்கங்கள் இருக்கும் வகை எரிமலை வளைவுகளில் (ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் அடியில் நுழையும் இடத்து எரிமலை வரிசை) குழம்பில் ஆக்சிஜன் மிகுதி. கந்தகம் ஆக்சிஜனோடு சேர்ந்து சல்பேட்டாக மாறிப் பல மடங்கு கரைவதால் செம்பும் தங்கமும் தடையின்றி ஏறுகின்றன.

மேலே வந்தால் மட்டும் தாது ஆகிவிடாது; ஓரிடத்தில் திரளவும் வேண்டும். அழுத்தம் குறையக் குறையக் குழம்பால் இன்னும் அதிகக் கந்தகத்தைக் கரைக்க முடியும். சல்பைடு தானாகப் பிரியாது. ரஷ்யாவின் நோரில்ஸ்க்கில், 25 கோடி ஆண்டுகளுக்கு முன், வழியிலிருந்த படிவுப் பாறைகளின் கந்தகம் குழம்பில் கலந்தது. உடனே சல்பைடுத் துளிகள் பிரிந்தன. பாய்ந்துகொண்டிருந்த குழம்பில் அவை நிக்கல், செம்பு, பிளாட்டின வகையைச் சேர்ந்த பல்லேடியம் ஆகியவற்றை வழித்தெடுத்து அடியில் தங்கின.